புதிய விளக்கில் ஜெல் நகப்பூச்சு சரியாக இறுகவில்லையா? காரணங்களும் பாதுகாப்பு முறைகளும்

வீட்டிலேயே ஜெல் நகப்பூச்சு இட்டுக்கொள்வோர் பலர், புதிய விளக்கு ஒன்றை வாங்கிய பிறகு சில சிக்கல்களைச் சந்திக்கின்றனர். பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கிறது, மேற்பரப்பு சுருங்குகிறது, இரண்டொரு நாளில் ஏடு போல உரிந்து வருகிறது. இவை அழகு தொடர்பான சிறு குறைகளாகத் தோன்றலாம். ஆனால், முழுமையாக இறுகாத ஜெல்லில் எஞ்சியிருக்கும் வேதிப்பொருள்கள் தோலில் படுமானால், வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒவ்வாமை உண்டாகக்கூடும். ஆகவே, பூச்சு ஏன் இறுகவில்லை என்பதையும், அதனை எவ்வாறு பாதுகாப்பாகச் சரிசெய்வது என்பதையும் அறிந்துகொள்வது அவசியம்.

ஜெல் நகப்பூச்சு எவ்வாறு இறுகுகிறது?

சாதாரண நகப்பூச்சு, அதிலுள்ள கரைப்பான் காற்றில் ஆவியாவதால் உலர்கிறது. ஜெல் நகப்பூச்சு அவ்வாறு உலர்வதில்லை. அதில் அக்ரிலேட், மெதக்ரிலேட் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகளும், ஒளிபட்டதும் வினையைத் தொடங்கி வைக்கும் ஒரு பொருளும் உள்ளன. விளக்கின் ஒளி படும்போது சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாக மாறுகின்றன. இதுவே இறுகுதல் எனப்படுகிறது.

இவ்வினை முழுமை பெற, ஏற்ற அலைநீளமுள்ள ஒளி போதிய செறிவுடன் போதிய நேரம் பட வேண்டும். பூச்சும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பூச்சு அரைகுறையாகவே இறுகும்.

அரைகுறையாக இறுகிய பூச்சு ஏன் ஆபத்தானது?

பிணையாமல் எஞ்சிய சிறு மூலக்கூறுகள் தோலினுள் எளிதில் ஊடுருவக்கூடியவை. உடலின் எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பகைப்பொருளாக ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் அழற்சி தோன்றும். இது ஒவ்வாமைத் தொடுதோல் அழற்சி எனப்படுகிறது. பல மாதங்கள் எவ்விதத் தொல்லையும் இன்றிப் பயன்படுத்தியவர்களுக்கும் இது திடீரெனத் தோன்றலாம்.

இந்த ஒவ்வாமை நகப்பூச்சோடு நின்றுவிடுவதில்லை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. பல் அடைப்புப் பொருள்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்புச் சிமெண்ட், தோலில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவு கண்காணிப்புக் கருவிகள் ஆகியவற்றிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் உள்ளன. எனவே, இன்று நகத்தில் உண்டாகும் ஒவ்வாமை, பின்னாளில் தேவைப்படும் சிகிச்சைக்கு இடையூறாக அமையக்கூடும்.

பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018ஆம் ஆண்டில் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வந்த நோயாளிகளுள் 2.4 சதவீதத்தினருக்கு இவ்வகை வேதிப்பொருள்களில் ஒன்றிற்கேனும் ஒவ்வாமை இருந்ததாக அச்சங்கம் தெரிவித்தது. இது தோல் தொல்லையுடன் வந்தோரிடையே கண்ட அளவே. பொதுமக்கள் அனைவருக்கும் பொருந்தும் அளவன்று. ஒவ்வாமையை மிகுதியாகத் தூண்டும் ‘ஹெமா’ என்னும் மெதக்ரிலேட் கொண்ட நகப்பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டிற்கு மட்டுமே உரியவையாக ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டின் விதியால் வரையறுத்துள்ளது.

பிசுபிசுப்பு எப்போதும் குறையன்று

பூச்சின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால், சரியாக இறுகிய பூச்சின் மீதும் மெல்லிய பிசுபிசுப்பான படலம் எஞ்சும். இது இயல்பானது. மேற்பூச்சை இட்டு இறுக வைத்த பின்னர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணித் துண்டால் இதனைத் துடைத்தெடுக்க வேண்டும். சில வகை மேற்பூச்சுகளுக்கு இது தேவைப்படாது.

இந்தப் படலத்திலும் இறுகாத மூலக்கூறுகளே உள்ளன. எனவே நகத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கித் துடைக்கவும். தோலில் தேய்க்கக் கூடாது. ஒரே துண்டைக் கொண்டு எல்லா விரல்களையும் துடைக்கவும் கூடாது.

துடைத்த பிறகும் பூச்சு மென்மையாக இருந்தாலோ, அழுத்தினால் பள்ளம் விழுந்தாலோ, நிறம் துணியில் ஒட்டி வந்தாலோ, பூச்சு இறுகவில்லை என்று கொள்ளலாம். மேற்பரப்பு கெட்டியாகி, அடிப்பகுதி இறுகாமல் இருப்பதும் உண்டு. ஆகவே, தொட்டால் ஒட்டவில்லை என்பது மட்டுமே முழுமையாக இறுகியதற்குச் சான்றாகாது.

காரணங்களும் சரிசெய்யும் முறைகளும்

1. விளக்கும் பூச்சும் பொருந்தாமை
தற்போது விற்பனையாகும் எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி தருகின்றன. சில விளக்குகளில் ஓர் அலைநீளம் மட்டுமே இருக்கும். பூச்சிலுள்ள வினைதொடங்கி வேறு அலைநீளத்தை வேண்டினால், எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் முழுப்பயன் கிட்டாது. பூச்சைத் தயாரித்த நிறுவனம் அப்பூச்சிற்கெனப் பரிந்துரைக்கும் விளக்கைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

டி.பி.ஓ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வினைதொடங்கி, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களில் தடை செய்யப்பட்டுள்ளது. இதனால் பழைய பெயரிலேயே விற்கப்படும் பூச்சின் கலவையும் மாறியிருக்கலாம். புதிய குப்பி வாங்கும்போதெல்லாம் அதன் குறிப்பை மீண்டும் படிக்கவும்.

2. வாட் அளவை மட்டும் நம்புதல்
வாட் என்பது விளக்கு செலவிடும் மின்திறனைக் குறிக்கிறது. நகத்தின் மீது விழும் ஒளியின் செறிவை அது காட்டாது. அதிக வாட் எண் அச்சிடப்பட்ட விளக்கு உங்கள் பூச்சைச் சரியாக இறுக்கும் என்று கருத வேண்டாம்.

3. பழைய நேர அளவைப் பின்பற்றுதல்
குழல் விளக்குகளில் ஒவ்வொரு பூச்சிற்கும் 2 நிமிடம் வரை தேவைப்படுவது வழக்கம். எல்.இ.டி. விளக்குகளில் 30 முதல் 60 நொடிகள் என்று பல நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. பூச்சின் குறிப்பில் உங்கள் விளக்கு வகைக்கு என்ன நேரம் தரப்பட்டுள்ளதோ, அதையே பின்பற்றவும்.

4. தடித்த பூச்சும் அடர் நிறமும்
கறுப்பு, வெள்ளை, அடர் சிவப்பு போன்ற நிறமி மிகுந்த பூச்சுகளில் ஒளி ஆழமாக ஊடுருவுவதில்லை. மேற்பரப்பு முதலில் இறுகி, அடிப்பகுதி நீர்மமாகவே இருந்தால் பூச்சு சுருங்கும். ஒரே தடித்த பூச்சுக்கு மாற்றாக, மெல்லிய இரண்டு அல்லது மூன்று பூச்சுகளை ஒவ்வொன்றாக இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக வைக்கவும்.

5. கை வைக்கும் நிலை
நான்கு விரல்களை நேராக வைக்கும்போது கட்டைவிரல் நகம் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. எனவே இரு கட்டைவிரல்களையும் தனியே வைத்து இறுக்கவும். விளக்கின் வாயிற்பகுதியில் ஒளி குறைவாக இருக்கலாம். கையை உள்ளே முழுமையாக வைக்கவும். அடித்தட்டு உடன் வந்திருந்தால் அதனைப் பொருத்தியே பயன்படுத்தவும். ஒளியை எதிரொளிப்பதும் அதன் பணியாகும்.

6. விளக்கின் குறைபாடு
மின்கலத்தால் இயங்கும் விளக்கில் மின்னேற்றம் குறைந்தால் ஒளியும் குறையலாம். விளக்கின் உட்புறத்தில் ஜெல் தெறித்து உறைந்திருந்தாலும் ஒளி தடைபடும். எல்லாப் புள்ளிகளும் எரிகின்றனவா என்று அறிய, ஒளியை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். வெள்ளைத் தாளை உள்ளே வைத்து, அதன் மீது ஒளி சீராக விழுகிறதா என்று வெளியிலிருந்து பார்க்கவும். குழல் விளக்காயின், குழல்கள் காலப்போக்கில் செறிவு இழக்கும். தயாரிப்பாளர் கூறும் கால அளவில் அவற்றை மாற்ற வேண்டும்.

புதிய விளக்கை முதலில் எதன் மீது சோதிப்பது?

உங்கள் நகத்தின் மீது சோதிக்க வேண்டாம். ஒளி ஊடுருவாத தாள் ஒன்றின் மேல் வைத்த நிறமற்ற நெகிழிச் செயற்கை நகத்தின் மீது மெல்லிய பூச்சு இட்டு, குறிப்பிட்ட நேரம் இறுக்கவும். பின்னர் துடைத்துவிட்டு, நகத்தைத் திருப்பி மறுபுறத்திலிருந்து பார்க்கவும். அடியில் ஈரமாகத் தெரிந்தாலோ, வளைத்தால் பூச்சு வழுக்கி நகர்ந்தாலோ, அந்த விளக்கும் பூச்சும் பொருந்தவில்லை என்று அறியலாம். இச்சோதனையின்போது நைட்ரைல் கையுறை அணியவும். அக்ரிலேட்டுகள் மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவக்கூடும் என்பதால், ஜெல் பட்ட கையுறையை உடனே மாற்றவும்.

இறுகாத பூச்சை நீக்கும் முறை

• அரத்தால் தேய்க்க வேண்டாம். இறுகாத ஜெல்லின் தூசு விரல்களிலும் முகத்திலும் கண் இமைகளிலும் படியக்கூடும்.
• பூச்சைப் பிய்த்து எடுக்க வேண்டாம். நகத்தின் மேலடுக்கும் உடன் பெயர்ந்து வரும்.
• நீர்மமாக உள்ள ஜெல்லை ஆல்கஹாலில் நனைத்த துண்டால் தோலில் படாமல் துடைத்தெடுக்கவும். எஞ்சியதை அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மீது வைத்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு மெதுவாக நீக்கவும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்குச் சுடர் அருகில் பயன்படுத்தக் கூடாது.
• ஜெல் தோலில் பட்டுவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவவும். தோலில் ஜெல் இருக்கும்போது விளக்கினுள் கையை வைக்க வேண்டாம்.

விளக்கினுள் கை வைத்ததும் எரிச்சல் தோன்றினால்

ஜெல் இறுகும்போது வெப்பம் வெளியாகிறது. புதிய விளக்கு செறிவுமிக்கதாயின் இவ்வெப்பம் மிக விரைவாக எழும். பூச்சு தடித்திருந்தாலும், நகம் மெலிந்திருந்தாலும் சுரீரென்று சுடும். அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே கையை வெளியே எடுத்து, சூடு தணிந்த பிறகு மீண்டும் வைத்து, குறிப்பிட்ட நேரத்தை முழுமையாக நிறைவு செய்யவும். அடுத்த முறை இன்னும் மெல்லியதாகப் பூசவும்.

புற ஊதாக் கதிர் குறித்து

இவ்விளக்குகள் புற ஊதா ‘ஏ’ வகைக் கதிரை வெளியிடுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களை 20 நிமிடம் இக்கதிரில் வைத்தபோது 20 முதல் 30 சதவீத உயிரணுக்கள் இறந்தன. இது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாகும் என்பதை மெய்ப்பிக்கவில்லை. ஆயினும், தேவையின்றி நேரத்தை நீட்டுவது நன்றன்று. கைகளில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சூரியக்கதிர் தடுப்புக் களிம்பைப் பூசுவதோ, விரல் நுனி திறந்த, ஒளி ஊடுருவாத கையுறை அணிவதோ நலம்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• டாக்சிசைக்ளின் போன்ற, தோலின் ஒளி உணர்வை மிகுக்கும் மருந்துகளை உட்கொள்வோரும், லூபஸ் நோய் உள்ளோரும் மருத்துவரிடம் கேட்ட பிறகே இவ்விளக்கைப் பயன்படுத்த வேண்டும்.
• நீரிழிவு நோயால் விரல்களில் உணர்வு குறைந்தவர்கள் சூட்டை உணராமல் போகலாம்.
• பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்துகள் நகத்தைப் பாதிக்கக்கூடும். சிகிச்சைக் காலத்தில் ஜெல் பூச்சைத் தவிர்ப்பது நல்லது.
• பல்ஸ் ஆக்சிமீட்டர் விரல் நுனி வழியே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. நகப்பூச்சு அந்த அளவீட்டைப் பாதிக்கலாம். அறுவை சிகிச்சைக்கோ, உள்நோயாளியாகவோ செல்லும் முன்னர் பூச்சை நீக்கிவிடவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பூச்சு இட்ட ஓரிரு நாள்களில் நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், விரல் நுனியில் வெடிப்பு ஆகியவை தோன்றினால் பூச்சை நீக்கிவிட்டு, தோல் மருத்துவரை அணுகவும். கண் இமை, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் தடிப்பு தோன்றினாலும் ஜெல் பூச்சு காரணமாக இருக்கக்கூடும். அதனை மருத்துவரிடம் மறவாமல் கூறவும். நகம் தசையிலிருந்து பிரிந்தாலோ, சீழ் வைத்தாலோ, வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ தாமதிக்க வேண்டாம்.

எந்த வேதிப்பொருள் ஒவ்வாதது என்பதை ஒட்டுச் சோதனை மூலம் மருத்துவர் கண்டறிவார். பயன்படுத்திய குப்பியின் லேபிளை உடன் எடுத்துச் செல்லவும். ஒவ்வாமை உறுதியானால், ஜெல் பூச்சை முற்றிலும் கைவிட வேண்டும். பல் மருத்துவரிடமும் அறுவை சிகிச்சை மருத்துவரிடமும் சிகிச்சைக்கு முன்னரே இச்செய்தியைத் தெரிவிக்க வேண்டும்.

நினைவில் கொள்க: சரியாக இறுகாத பூச்சை மேலும் ஒரு பூச்சு இட்டு மறைக்க வேண்டாம். அதனை நீக்கி, காரணத்தை அறிந்து, விளக்கும் பூச்சும் பொருந்துவதை உறுதி செய்த பின்னரே மீண்டும் தொடங்கவும்.