தறியருகே பிறந்த பாடம்

கல்முனைக்கு வடக்கே மருதமுனை என்றதும் நம் நினைவுக்கு வருவது தறியோசை. அவ்வூர்ச் சாறனும் சேலையும் இலங்கையெங்கும் பெயர் பெற்றவை. அங்கிருந்து கரையோர வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், நிந்தவூருக்கு அப்பால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2012இல் பொறியியற் பீடமும் அமைந்தது. தறியும் பல்கலைக்கழகமும் நிலத்தால் அண்மையிலுள்ளன. படிப்பாலும் அவை அவ்வளவு அண்மையில் உள்ளனவா என்பதே நமது கேள்வி.

பொறியியலும் முகாமைத்துவமும் பயில்வோர் இன்று உலகெங்கும் 'லீன்' உற்பத்தி என்றொரு பாடத்தைப் படிக்கின்றனர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'மெலிந்த உற்பத்தி' என்றால், தொழிற்சாலைக்கு நோய் கண்டுவிட்டதோ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவர்! விரயமற்ற உற்பத்தி என்பதே அதன் கருத்து. பெயர் 1988இல் ஜோன் கிராப்சிக் என்பவர் எழுதிய கட்டுரையில் வந்தது. முறையோ ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் வளர்ந்தது. ஆயினும் அதன் வேர் மோட்டார் வண்டியில் இல்லை, தறியில் இருக்கிறது. இதனைப் பலர் அறியார்.

சாகிச்சி டொயோடா 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். தாயார் நெய்வதைக் கண்டு வளர்ந்த அவர், 1890இல் மரக் கைத்தறி ஒன்றைத் திருத்தி அமைத்தார். 1924இல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தறி தானாகவே நின்றுவிடும். நூலறுந்தது தெரியாமல் பழுதான துணி முழக்கணக்கில் நெய்யப்படும் விரயம் அதனால் ஒழிந்தது. அத்தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனி 1929இல் ஓர் இலட்சம் பவுணுக்கு வாங்கிற்று. மகன் கீச்சிரோ மோட்டார்த் தொழிலில் இறங்க, 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அங்கு உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோவும் முதலில் டொயோடா நெசவாலையில் பணி புரிந்தவரே.

ஓனோ விரயத்தை ஏழாக வகுத்தார். காத்திருத்தல், வீணே சுமந்து திரிதல், பழுதான பொருள் ஆகியன அவற்றுட் சில. எல்லாவற்றிலும் கொடியது தேவைக்கு மேற் செய்து குவித்தலே என்பது அவர் கருத்து. நெசவாளர் வீட்டில் இதற்கு விரிவுரை வேண்டுமா? பெருநாளுக்கு விற்குமென்று நெய்து, விலைபோகாமல் அலுமாரியில் அடுக்கிய சாறன் கடனுக்கு வாங்கிய நூலல்லவா? நூல் வந்து சேரும்வரை சும்மா இருந்த நாளுக்கு யார் கூலி தருவார்? 1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பின், மலிவான ஆலைத் துணியோடு போட்டியிடும் கைத்தறியை இத்தகைய சிறு நட்டங்களே அரித்துவிடக் கூடும்.

பாடத்தின் மறுபாதி சாயத் தொட்டியருகே விளங்கும். பருத்தி நூலுக்கு இடும் சாயம் முழுவதும் நூலில் ஒட்டுவதில்லை. ஒரு பகுதி உப்புடன் கழுவு நீரிற் போய்விடுகிறது. போவது காசு, போய்ச் சேருமிடம் மண். நமது கரையோரமோ மணற்பூமி. மேலே ஊற்றியது கிணற்றை நோக்கி இறங்கத் தடையேது? தமிழ்நாட்டுத் திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலாற்றைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது தொழிலாளர் வேலையிழந்தனர். மருதமுனைத் தொழில் அளவில் மிகச் சிறிது. ஆயினும் சாயத்தை நிறுத்து, உப்பையும் வெப்பத்தையும் குறித்து வைத்து இட்டால், காசும் மிஞ்சும், கிணறும் தப்பும். சூழல் காக்கும் உற்பத்தியென்று தனியாக வேறொன்று இல்லை.

துல்ஹிரியவில் 2008இல் திறக்கப்பட்ட துருலீ ஆடைத் தொழிற்சாலை பசுமைத் தொழிற்சாலையாகவே கட்டப்பட்டது. நம் பிள்ளைகள் அத்தகைய இடங்களில் வேலை தேடிச் செல்வது நன்றே. ஆனால் இறுதியாண்டு ஆய்வுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

கடிகாரமும் கையுமாகத் தறிக்கு வரும் மாணவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கைத்தறியின் மெல்லிய நடை விரயமன்று. வாங்குபவர் விலை கொடுப்பதே அதற்குத்தான். நெசவாளி நாடாவை நிறுத்திப் பாவைத் தடவிப் பார்க்கும் கணத்தைக் 'காத்திருத்தல்' என்று ஏட்டிற் பதிந்துவிட்டால் பாடம் தலைகீழாகிவிடும். அறுந்த நூலைத் தேடும் விரல் அது. டொயோடா இரும்பினாற் செய்து காட்டியது அந்த விரலின் வேலையையே.

ஆகவே முதலிற் கேட்க வேண்டியது, ஒரு முழம் நெய்ய எத்தனை நிமிடம் என்பதன்று. இம்மாதம் நூலுக்காகத் தறி எத்தனை நாள் நின்றது என்பதே. அக்கணக்கை ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதி நெசவாளி கையிற் கொடுக்கட்டும். நூல் வியாபாரியிடமும் வங்கியிடமும் பேசப் போகும்போது அவருக்கு அது உதவும்.