கியாந்தி: ஒரு நிலப்பெயரின் வரலாறு

இத்தாலியில் புளோரன்சு, சியனா நகரங்களுக்கிடையே உள்ள குன்றுநாடு கியாந்தி. அங்கு உண்டாகும் செந்நிறத் திராட்சைத் தேறலுக்கும் அதுவே பெயர். 1716-ஆம் ஆண்டில் தசுக்கனிக் கோமகன் மூன்றாம் கோசிமோ அப்பெயருக்குரிய நில எல்லையை ஆணையிட்டு வகுத்தார்.

இத்தாலியின் தலைமையமைச்சராயிருந்த பெத்தீனோ ரிக்காசோலி, 1872-இல் கலவை முறையைக் கடிதமொன்றில் விளக்கினார். சாஞ்சொவேசே என்னும் திராட்சை மணமும் வீறும் தரும்; கனயோலோ அதன் கடுமையைத் தணிக்கும்; வெள்ளைத் திராட்சையாகிய மல்வாசியா நாள்தோறும் அருந்தத்தக்க மென்மையை அளிக்கும் என்பது அவர் கருத்து.

1932-இல் கியாந்தி என்னும் பெயர் சுற்றுப்புறங்களுக்கும் விரிக்கப்பட்டது. ஆகவே பழைய நிலத்தின் தேறல் 'கியாந்தி கிளாசிக்கோ' எனப் பிரித்துக் கூறப்படலாயிற்று. அதில் இன்று நூற்றுக்கு 80 பங்கேனும் சாஞ்சொவேசே இருத்தல் வேண்டும். 2006 முதல் வெள்ளைத் திராட்சைக்கு அதில் இடமில்லை.

பெயரின் பரப்பு அகன்றபோது, பழைய பொருளைக் காக்க அடைமொழியே வேலியாயிற்று.