வெற்றிடம் அல்லாத வானம்

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்குத் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மகாசமாதி அடைந்தார். அவ்வேளையில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து, அருணாசல மலையின் பக்கம் சென்று மறைந்தது. அதைக் கண்டு சொன்னவர்களுள் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸோனும் ஒருவர். விண்ணில் திரியும் கல்லோ துகளோ காற்று மண்டலத்துள் கடுவேகத்தில் புகுந்து ஒளிரும் எரிநட்சத்திரம் அது என்பர் வானநூலார். அடியார்களோ அதில் அருளின் குறிப்பைக் கண்டனர். காட்சி ஒன்று, விடைகள் இரண்டு.

இவ்விரு நோக்குகளையும் ஒரே கதைக்குள் அமைத்துப் பார்க்கும் இலக்கிய வகை ஒன்று உண்டு. அதுவே கிறிஸ்தவ விஞ்ஞான நாவல். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்த சி. எஸ். லூயிஸ் 1938, 1943, 1945 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று நாவல்கள் இவ்வகையில் புகழ் பெற்றவை.

முதல் நாவலில் ரான்ஸம் என்னும் மொழிநூல் அறிஞரை இருவர் கடத்தி விண்கலத்தில் ஏற்றுகின்றனர். எங்கே, எதற்காக என்பது மர்மம். விண்வெளி இருளும் குளிரும் நிறைந்த வெற்றிடம் என்று எண்ணியிருந்த அவர், அங்கே ஒளிவெள்ளத்தையே காண்கிறார். செவ்வாய்க் கிரகத்தில், மனிதக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒளியுருவினர் உலவுகின்றனர். கிரகந்தோறும் அவர்களுள் ஒருவர் காவலர். பூமியின் காவலன் மட்டும் நெறி பிறழ்ந்தான். அதனால் பூமி மற்றக் கிரகங்களோடு தொடர்பற்று மௌனமாயிற்று. தேவதூதர், வீழ்ச்சி என்னும் கிறிஸ்தவக் கொள்கைகளே இங்கு விண்வெளிக் கதையாக உருவெடுத்துள்ளன.

லூயிஸின் மாணவர் ஒருவர் வழியாக இக்கதை உலகுக்கும் தமிழகத்துக்கும் ஓர் உறவு உண்டு. பீட் கிரிஃபித்ஸ் என்னும் அத்துறவி 1955இல் இந்தியா வந்தார். அதே ஆண்டில் லூயிஸ் தம் தன்வரலாற்று நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். 1968 முதல் குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையிலுள்ள சாந்திவனம் ஆசிரமத்தைக் கிரிஃபித்ஸ் நடத்திவந்தார். அதை 1950இல் நிறுவிய இருவருள் ஒருவரான லெ ஸோ, 1949இல் ரமணரைத் தரிசித்தவர். பின்னர் அருணாசலக் குகைகளில் தங்கித் தியானம் செய்தவர்.

இத்தகைய நாவல் விஞ்ஞானத்தைப் பழிப்பதற்கு எழுந்ததா? அன்று. ரான்ஸமைக் கடத்திய வெஸ்டன் என்னும் பௌதிக அறிஞன் செவ்வாயின் காவலர் முன் விசாரிக்கப்படுகிறான். உயர்ந்த இனம் பிற கிரகங்களைக் கைப்பற்றுவது முறையே என்று அவன் பெருமிதத்தோடு முழங்குகிறான். அம்முழக்கத்தை ரான்ஸம் அவ்வுலக மக்களின் எளிய மொழியில் பெயர்க்கிறார். அலங்காரங்கள் உதிர்ந்துவிடுகின்றன, பிறர் நிலத்தைப் பறிப்பேன், தடுப்போரைக் கொல்வேன் என்பதே எஞ்சி நிற்கிறது.

அடிமைப்பட்டிருந்த நாடுகளும் இத்தகைய முழக்கங்களை நன்கு கேட்டவையே. நாளை விண்கலம் செய்யப்போகும் மாணவர்கள், விஞ்ஞானத்தின் பெயரால் ஆயினும் சமயத்தின் பெயரால் ஆயினும், ஒரு கொள்கையை ஏற்குமுன் அதை எளிய தமிழில் சொல்லிப் பார்த்தல் நன்று.