மருந்தின் விலையை முடிவு செய்வது யார்?

மருந்தகத் துறையில் படிப்பதால், 'புற்றுநோய் மருந்துக்கு ஏன் இவ்வளவு விலை?' என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. 'ஆராய்ச்சிச் செலவு' என்பதே வழக்கமான பதில். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை விளக்க இமாதினிப் என்ற ஒரே ஒரு மாத்திரையின் கதை போதும்.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் உருவாகும் புரதம் வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருக வைக்கிறது. அந்தப் புரதத்தைக் குறிவைத்து அடக்குவதே இமாதினிப். நோவார்டிஸ் நிறுவனத்தின் இம்மருந்துக்கு அமெரிக்கா 2001இல் அனுமதி அளித்தது. சில ஆண்டுகளே வாழ்வார்கள் என்று கருதப்பட்டவர்கள், நீரிழிவு நோயாளிகளைப் போல தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மருந்தின் மதிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் விலையில்தான். அமெரிக்காவில் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். 2012இல் சுமார் 92,000 டாலர். ஆராய்ச்சி முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் விலை மும்மடங்காவானேன்? 2013இல் இந்நோய் வல்லுநர்கள் நூறு பேருக்கும் மேல் இதைக் கண்டித்து எழுதினர். மருந்து உருவாகப் பெரும்பங்காற்றிய மருத்துவர் பிரையன் டிரக்கரும் அவர்களில் ஒருவர்!

இந்தியாவில் இது வழக்காகவே நடந்தது. இமாதினிப் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு நிறுவனம் 1998இல் காப்புரிமை கேட்டது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தாலொழிய அதற்குக் காப்புரிமை கிடையாது என்கிறது அந்நாட்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளியது. மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆன மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பாகச் சுமார் 10,000 ரூபாய்க்கே கிடைத்தது.

நம் நாட்டில் சுகாதார அமைச்சும் நிறுவனமும் செலவைப் பங்கிட்ட உதவித் திட்டத்தின் வழியாகப் பல நோயாளிகள் இம்மருந்தைப் பெற்றனர். நல்ல காரியம்தான். ஆனால் கொடையை நம்பி எத்தனை ஆண்டுக்கு மாத்திரை சாப்பிடுவது?

வேறு வழியும் உண்டு. 1984இல் நம் பினாங்கில் தொடங்கப்பட்ட மூன்றாம் உலக வலையமைப்பு, ஜோர்ஜ்டவுனிலிருந்தே அதை உலக அரங்குகளில் வலியுறுத்தி வருகிறது. பொது நலனுக்குத் தேவையானால், காப்புரிமை பெற்ற மருந்தின் மலிவுப் பதிப்பை அரசாங்கம் தருவிக்கலாம். மலேசியா 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும், 2017இல் ஹெப்படைட்டிஸ் சி மருந்தான சொபோஸ்புவிருக்கும் அவ்வாறே செய்தது. அதற்கு இடம் தருவது 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. அப்பிரிவு எந்த நோயையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை, புற்றுநோயையும்தான்.