முதுகில் நான்கு கிலோ: மலைச் சைக்கிளுக்கு எந்தப் பை?

நீங்கள் நாள்தோறும் பள்ளிக்குச் சுமந்து செல்லும் புத்தகப்பை நான்கு கிலோ இருக்கும். அதை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினாலும் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. அதே பையுடன் மலைச் சைக்கிளில் மூன்று மணி நேரம் சென்று பாருங்கள். முதல் மணி நேரத்திலேயே தோள் எரியத் தொடங்கும். செங்குத்தான சரிவில் பை முன்னால் வழுக்கி வந்து தலைக்கவசத்தை இடிக்கும். திருப்பங்களில் உங்களை ஒரு பக்கமாக இழுக்கும். எடை அப்படியேதான் இருக்கிறது. முதுகு சாய்ந்திருக்கும் கோணம்தான் மாறிவிட்டது.

நடக்கும்போது முதுகு நிமிர்ந்திருக்கும். பையின் எடை தோள், இடுப்பு வழியாக நேரே கால்களுக்கு இறங்கிவிடும். சைக்கிளில் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வு 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். இப்போது பை உங்கள் முதுகின்மேல் படுத்திருக்கிறது. அதைத் தாங்கும் வேலை கீழ்முதுகுத் தசைகளுக்கும் கைகளுக்கும் போய்விடுகிறது.

இயற்பியல் பாடத்தில் படித்த திருப்புத்திறனை இங்கே பயன்படுத்தலாம். இடுப்பு மூட்டை அச்சாகக் கொள்ளுங்கள். நான்கு கிலோ பையின் எடை ஏறக்குறைய 40 நியூட்டன். கனமான பொருளைப் பையின் அடியில் வைக்காமல் மேலே வைத்ததால் பையின் ஈர்ப்பு மையம் முதுகெலும்பின் வழியே 25 சென்டிமீட்டர் மேலே போய்விட்டது என்போம். 45 பாகை சாய்வில், அந்த மையம் கிடைமட்டமாக 18 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்திருக்கும். 40ஐ 0.18ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பின் நுனியில் 700 கிராம் எடையைக் கட்டி, மறுநுனியைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருப்பதற்குச் சமமான கூடுதல் வேலை இது. கம்பை அரை நிமிடம் பிடிக்கலாம். மூன்று மணி நேரம்? ஆகவே, மலைச் சைக்கிளுக்கான பையில் கனமான பொருள் கீழே, இடுப்புக்கு அருகில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆட்டம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த கோலாலம்பூரின் புக்கிட் கியாரா போன்ற இடங்களில், பாதை நெடுக வேர்களும் திடீர்த் திருப்பங்களும் உண்டு. ஒரு பள்ளத்தில் இறங்கிச் சட்டென மேலேறும்போது உங்கள் உடல் மேல்நோக்கி முடுக்கப்படுகிறது. அந்த முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால், அந்தக் கணத்தில் நான்கு கிலோ பை எட்டு கிலோ போல அழுத்தும். திருப்பங்களில் நீங்கள் உடலை இடமும் வலமும் சாய்க்கும்போது, சடத்துவத்தால் பை சற்றுப் பின்தங்கித் தாமதமாக வந்து சேரும். பை முதுகைவிட்டு விலகியிருந்தால் இது இன்னும் மோசமாகும். சுழற்சிக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு, அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பையின் மையம் முதுகெலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் என்பது 15 ஆனால், எதிர்ப்பு 2.25 மடங்காகிறது.

நெஞ்சுவாரும் இடுப்புவாரும் இதற்காகத்தான் இருக்கின்றன. மலையேறிகளின் பெரிய பைகளில் எடையைத் தாங்குவது இடுப்புவார். சைக்கிள் பையில் அதன் முக்கிய வேலை, பை முன்னால் வழுக்காமலும் பக்கவாட்டில் ஆடாமலும் பிடித்து வைப்பது. அது வயிற்றை அழுத்தினால் மூச்சு முட்டும். இடுப்பெலும்பின் மேல் அமர வேண்டும். தோள்வார்கள் மெல்லிய கயிறு போலிருக்கும் பைகளைத் தொடவே வேண்டாம். 2 சென்டிமீட்டர் வாரை 6 சென்டிமீட்டராக அகலப்படுத்தினால், அதே விசை மூன்று மடங்கு பரப்பில் பரவுவதால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகும். கைக்குச் செல்லும் நரம்புகள் கழுத்திலிருந்து தோளின் வழியேதான் போகின்றன. நீண்ட நேர அழுத்தத்தால் விரல்கள் மரத்துப்போகலாம். பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரல்கள் அவை.

இதுவரை சொன்னதெல்லாம் பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நம் நாட்டுப் பருவநிலை அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது.

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே மிதிகட்டைக்குப் போகிறது. மீதி வெப்பம். நீங்கள் 100 வாட் திறனுடன் மிதித்தால், உடலில் 300 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு மணி நேரத்தில் 1,080 கிலோஜூல். தோலின் மேல் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் தேவை. அதாவது, வெப்பத்தை வெளியேற்ற வியர்வை மட்டுமே வழி என்றால், மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டையொட்டி இருக்கும் நம் காற்றில் வியர்வை ஆவியாவதே கடினம். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றும் வீசாது. இந்த நிலையில் முதுகு முழுவதையும் ஒரு பை மூடிக்கொண்டால், உடல் குளிரும் பரப்பில் ஒரு பகுதி பயனற்றுப் போகிறது. தலைசுற்றலும் வெப்பத்தாக்கும் இப்படித்தான் நெருங்கி வருகின்றன.

ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் 1984இல் இதற்கு ஒரு வழி கண்டது. பைக்கும் முதுகுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய வலை ஒன்று இருக்கும். இடையில் காற்று புகும். இன்று பல நிறுவனங்கள் இந்த அமைப்பைச் செய்கின்றன. ஆனால் அந்த இடைவெளி, பையின் எடையை முதுகைவிட்டுத் தள்ளி வைக்கிறது. மேலே சொன்ன 2.25 மடங்கு நினைவிருக்கிறதா? ஆகவே இரண்டும் முழுமையாகக் கிடைக்காது. அகலமான மண்சாலையில் நெடுந்தூரம் ஏறுபவருக்கு வலைப்பை நல்லது. வேர்களும் குறுகிய திருப்பங்களும் நிறைந்த காட்டுப்பாதைக்கு, முதுகோடு ஒட்டி, நடுவே காற்று போக அகன்ற பள்ளம் உள்ள நுரைப்பஞ்சுப் பையையே நான் எடுப்பேன்.

எந்தப் பையானாலும் சுமையைக் குறைப்பதே முதல் வேலை. டியூப்பையும் பம்ப்பையும் ஒரு தண்ணீர்ப் புட்டியையும் சைக்கிள் சட்டமே சுமக்கட்டும். பம்ப் பைக்குள்தான் போக வேண்டும் என்றால், முதுகெலும்புக்கு நேராக வைக்காதீர்கள். விழுந்தால் அது உளிபோல் குத்தும்.

தண்ணீரோ கனமானது; ஒரு லிட்டர் ஒரு கிலோ. பாதி நிறைந்த புட்டி பைக்குள் குலுங்கிக்கொண்டே வரும். காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள், ததும்பும் வாளி நடையையே மாற்றிவிடும் என்பார்கள். குழாய் பொருத்திய குடிநீர்ப்பையில் இந்தத் தொல்லை குறைவு. குடிக்கக் குடிக்க அது சுருங்கும். உள்ளே உள்ள காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் தண்ணீர் குலுங்க இடமே இருக்காது. இதன் பிறப்பும் சுவையானது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கடும் வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிளோட்டத்தில் மைக்கல் ஐட்சன் என்பவர் கலந்துகொண்டார். அவசர மருத்துவச் சேவையில் பணியாற்றியவர். நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் திணித்துச் சட்டையின் முதுகுப்பக்கம் பொருத்திக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் கேமல்பேக் நிறுவனம்.

மூன்று, நான்கு மணி நேரப் பயணத்துக்கு 10 முதல் 15 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் மனம் சொல்லும். அதைவிட முக்கியமானது உங்கள் முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உள்ள உயரம் வரை அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கான பல பைகள் 13, 14 வயதினரின் முதுகுக்கு நீளமாகிவிடும்.

கடைக்குத் தலைக்கவசத்தையும் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். புட்டிகளைப் பைக்குள் வைத்து, முதலில் இடுப்புவார், பிறகு தோள்வார், கடைசியாக நெஞ்சுவார் என இறுக்குங்கள். சைக்கிளில் இருப்பதுபோல் குனிந்து, தலையை நிமிர்த்தி முன்னால் பாருங்கள். தலைக்கவசம் பையில் இடித்தால் அந்தப் பை உங்களுக்கு ஆகாது. பிறகு இடமும் வலமும் குதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குடிநீர்ப்பை வாங்கினால் அதில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். நம் புழுக்கத்தில், சர்க்கரை பானம் தங்கிய குழாயில் சீக்கிரமே பூஞ்சணம் பிடித்துவிடும். வீடு திரும்பியதும் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். காலிப் பையையும் குழாயையும் அடுத்த பயணம் வரை குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்திருக்கலாம். உறைகுளிரில் பூஞ்சணம் வளராது. அம்மாவிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.