சட்டைக்குள் துப்பாக்கி! வெளியே தெரிவதோ கிளிப் மட்டும்!

அமெரிக்காவில் இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடுகிறவர்கள் ஏராளம். சட்டையை "இன்" பண்ணியிருந்தாலும் வெளியே தெரியாது! எப்படி?

எல்லாம் உறை செய்கிற வேலை. உடம்போடு ஒட்டும் பக்கம் தோல்; உறுத்தாது. வெளிப்பக்கம் "கைடெக்ஸ்" பிளாஸ்டிக். 1960-களில் விமானங்களின் உட்புறத்துக்காக வந்த சரக்கு அது. தகட்டைச் சூடாக்கி, இளகியதும் டம்மி துப்பாக்கி மேல் வைத்து அழுத்துவார்கள். ஆறினால் அதே அச்சு! தோலோடு சேர்த்துத் திருகாணி முடுக்க வேண்டியதுதான். கிளிப்புக்கும் உறைக்கும் நடுவே உள்ள சந்தில்தான் சட்டையைச் செருகுவது.

வெறும் தோல் உறையென்றால் ஆபத்து. நாள்பட்டால் வியர்வையில் தொய்ந்துவிடும். துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது மடிந்த தோல் விசையில் பட்டு அழுத்தினால்... "டுமீல்"! தொடை போச்சு! அதனால்தான் விசையைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக். அப்படியும் சட்டை நுனி உள்ளே சிக்கினால் அதே "டுமீல்"தான்!