பாஸ்வேர்டே இல்லை... ஆனாலும் ‘சக்சஸ்’! டைரக்டரி சர்வரில் என்ன நடக்கிறது?

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, நவல்பட்டு ஐ.டி. பூங்காவுக்கு வேலைக்குப் போகும் ஒரு புரோகிராமரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்குச் சின்ன வேலைதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடும் அதே யூசர்நேம், பாஸ்வேர்டை வைத்தே லீவ் அப்ளை பண்ணும் பக்கத்திலும் லாகின் ஆக வேண்டும். கோட் எழுதினார். சரியான பாஸ்வேர்ட் போட்டார், உள்ளே விட்டது. தப்பாகப் போட்டார், விடவில்லை. ‘முடிஞ்சுது’ என்று மெயிலும் போட்டாச்சு.

பாஸ்வேர்ட் கட்டத்தைக் காலியாக விட்டு மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஊழியர்களின் பெயர், துறை, பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கும் இடம்தான் டைரக்டரி சர்வர். அதனோடு பேசும் மொழி ‘எல்டாப்’. எக்ஸ்.500 என்ற கனமான முறைக்கு மாற்றாக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸும் சக பொறியாளர்களும் உருவாக்கி 1993-ல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரிக்கும் இது புரியும்.

இதில் ஒருவருடைய முகவரி தபால் உறை மாதிரிதான். பெயர், வடக்குச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம், திருச்சி என்று எழுதுவோம் இல்லையா? அதேபோல முதலில் ஆள், பிறகு துறை, கடைசியில் கம்பெனி.

சரி, சிக்கல் எங்கே? நம் புரோகிராமர் எடுத்தது ஓப்பன்எல்டாப்பின் ‘லிப்எல்டாப்’ என்ற சி மொழி லைப்ரரி. சொன்னதை மட்டும் செய்யும், தானாக யோசிக்காது. இனிஷியலைஸ் செய்யும்போது சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் இது ‘சக்சஸ்’ என்றே சொல்லும். ஏனென்றால் அப்போது இன்னும் கனெக்‌ஷனே போகவில்லை. முதல் வேலையைக் கொடுக்கும்போதுதான் போகும். புதிதாக வருபவர்களுக்கு இதிலேயே தலை சுற்றும்.

அடுத்தது ‘பைண்ட்’, அதாவது நான் இன்னார் என்று சர்வரிடம் சொல்வது. பெயரைக் கொடுத்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், அதைப் பெயர் தெரியாத விருந்தாளியாக நினைத்து அனுமதிக்க எல்டாப் விதியில் இடம் உண்டு. அப்போதும் சர்வர் தரும் பதில் ‘சக்சஸ்’தான்.

கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், ‘யாரோ வந்திருக்காங்க, வெராண்டாவில் உட்காரட்டும்’ என்று விடுகிறார். உள்ளே இருப்பவரோ, ‘வாட்ச்மேன் ஐ.டி. கார்டு பார்த்துதானே விட்டிருப்பார்’ என்று நினைத்து லாக்கர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். வாட்ச்மேன் மேல் தப்பு சொல்ல முடியுமா? மேனேஜரின் யூசர்நேம் தெரிந்த யாரும், பாஸ்வேர்டே இல்லாமல் மேனேஜராக உள்ளே போய்விடலாம்.

இந்த ஆபத்தை 2006-ல் வந்த ஆர்.எஃப்.சி 4513 ஆவணமே எச்சரிக்கிறது. காலி பாஸ்வேர்டை சர்வருக்கே அனுப்பாதீர்கள் என்பது அதன் அறிவுரை. ஓப்பன்எல்டாப் சர்வர் இதைத் தானாகவே மறுத்துவிடும். ஆக்டிவ் டைரக்டரி அப்படியல்ல. விண்டோஸ் சர்வர் 2019-லிருந்துதான் இதைத் தடுக்க செட்டிங் வந்தது, அதையும் அட்மின்தான் ஆன் செய்ய வேண்டும். லைப்ரரியையும் சர்வரையும் நம்பிக் கோட் எழுதுவது ரிஸ்க் என்பது இதனால்தான்.

தீர்வு ஒரே ஒரு ‘இஃப்’ வரி: பாஸ்வேர்ட் காலியா? அங்கேயே நிறுத்து. (389-ம் போர்ட்டில் டி.எல்.எஸ். இல்லாமல் பைண்ட் செய்தால் பாஸ்வேர்ட் அப்படியே வெளியே தெரியும். அது தனிக் கதை.)

ஆனால் அந்த வரி பிரவுசரில் மட்டும் இருந்தால் போதாது. பிரவுசரே இல்லாமல் நேரடியாகவும் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியும். எனவே சோதனையும் அப்படித்தான் நடக்க வேண்டும்: சரியான யூசர்நேம், காலி பாஸ்வேர்ட், நேராக உங்கள் அப்ளிகேஷனின் சர்வருக்கு.